கொத்தனாரைக் கேளுங்கள்: கஞ்சாத் தண்டில் ஒரு சுவர்

போன இதழில் மொட்டைமாடி ஒழுகலைப் பற்றி எழுதும்போது, பிரான்ஸில் கஞ்சாச் செடியின் தண்டைச் சுண்ணாம்பில் குழைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். ஒழுகலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் அதையே பேசிவிடுவோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். அப்பா சுண்ணாம்புக் கொத்தனார். நான் 22 வருடம் பிரான்ஸில், பெரும்பாலும் த்ருவா நகரைச் சுற்றி, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன்.

கே: கஞ்சாச் செடியில் வீடு என்கிறீர்களே, போலீஸ் வராதா? உங்கள் பக்கத்தைப் படித்ததும் என் மாமியார் பத்திரிகையை ஒளித்து வைத்துவிட்டார். (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

ப: சுவருக்குப் போவது பூ இல்லை, தண்டு என்று மாமியாரிடம் சொல்லுங்கள். போதைக்கு வளர்க்கிற செடியும் இதுவும் ஒரே இனம்தான், அதை மறைப்பானேன். ஆனால் நாருக்காக வளர்க்கிற ரகம் வேறு. போதை தரும் டிஹெச்சி அதில் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இப்போது ஐரோப்பிய விதி. அந்த ரகத்தைத்தான் ஹெம்ப் என்கிறார்கள். நெருக்கி விதைப்பார்கள். கிளை விடாமல் ஒல்லியாக நேரே ஏறி, நான்கு மாதத்தில் ஆளைத் தாண்டிவிடும். பிரான்ஸ் போன முதல் வருடம், அப்படி ஒரு வயலோரத்தில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டி வந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று நூறு அடி தள்ளிப் போய் நின்றேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் பிடித்த நுனியைத்தான். நாருக்காகவும் விதைக்காகவும் செடியை வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. தந்தால்தான் உண்டு. உத்தராகண்ட் 2018இல் அப்படி உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. அங்கேயும் வரம்பு அதே 0.3 சதவீதம்தான். நம் பக்கம் கொல்லையில் நாலு விதையைப் போட்டுவிட்டு, 'கொத்தனார் சொன்னார்' என்று என்னை இழுத்துவிடாதீர்கள்.

கே: குறுவைக்கு முன்னால் நாங்கள் பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைக்கிறோம். அதையும் ஆங்கிலத்தில் ஹெம்ப் என்றுதான் எழுதுகிறார்கள். அந்தத் தண்டு ஆகுமா? (ஒரு விவசாயி, மன்னார்குடி)

ப: பெயர் மட்டும்தான் ஒன்று. சணப்பு பயறு வகை, கஞ்சாவுக்கு உறவே கிடையாது. சாக்குப் பைக்கான சணல் மூன்றாவது வேறு செடி. உங்கள் சணப்பைப் பூக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். அதற்கு அதைவிட நல்ல வேலை சுவரில் இல்லை.

கே: நான் 15 வருடமாக மேஸ்திரி. கான்கிரீட்டுக்குப் பதில் இதைப் போட்டு மாடி எழுப்பலாமா? கலவை விகிதம் என்ன? (தேனியிலிருந்து ஒருவர்)

ப: மேஸ்திரி, பாதிக் குழப்பம் பெயரால் வந்தது. ஆங்கிலத்தில் ஹெம்ப்கிரீட், பிரெஞ்சிலும் பெத்தோன், அதாவது கான்கிரீட். கேட்டவுடன் கம்பி, தூண், மாடி என்று மனசு ஓடிவிடுகிறது. நம் எம்20 கான்கிரீட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும். செங்கல் 3.5ஆவது தாங்க வேண்டும். இது 1ஐத் தொட்டாலே பெரிய விஷயம். நகத்தால் கீறினாலே உதிரும். ஆகவே பாரத்தை மரச்சட்டமோ தூணோதான் சுமக்க வேண்டும். இது அந்தச் சட்டத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் கனத்துக்கு நிற்கிற நிரப்பு. எடையும் அதற்குத் தக்கபடிதான்: ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ என்றால் காய்ந்த ஹெம்ப் சுவர் 300, 350 கிலோ. கேப் டவுனில் 12 மாடி எழுப்பியிருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அதற்கும் எலும்புக்கூடு கான்கிரீட்தான், இடையில் வைத்த கல்தான் ஹெம்ப்.

தண்டிலிருந்து நாரை உரித்த பிறகு உள்ளே வெள்ளையாக, லேசாக ஒரு கட்டை மிஞ்சும். அதை அரை அங்குலம், ஓர் அங்குலத்துக்கு நறுக்கித் தூசி சலித்து மூட்டையாகத் தருவார்கள். ஷெனவோத் என்பார்கள், நான் சக்கை என்றே சொல்கிறேன். 200 லிட்டர் மூட்டை 20 கிலோதான் இருக்கும், தலையணை மாதிரி ஒரு கையால் தூக்கலாம். அந்த ஒரு மூட்டைக்கு 40 கிலோ சொச்சம் சுண்ணாம்புக் கூட்டு, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். சுவருக்கு இந்த அளவு. கூரைக்குச் சுண்ணாம்பு இதிலும் குறையும், தரைக்குக் கூடும்.

டிரம் மிக்ஸரில் போடாதீர்கள், லட்டு லட்டாக உருண்டுகொள்ளும். தட்டு மிக்ஸர்தான் சரி. பதம் பார்ப்பது எப்படி என்று அங்கே எனக்கு அரை நாள் பாடம் எடுத்தார்கள். எனக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிந்துவிட்டது: புட்டு மாவுதான். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், கட்டை விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் கெட்டது.

அப்புறம் பலகை அடைத்து உள்ளே போடுவது. நம் கை சும்மா இருக்காது, வைப்ரேட்டர் போட்டுப் பழகிய கை. முதல் வாரம் நான் கட்டையால் நன்றாகக் குத்திக் கெட்டித்து, முகம் வழவழவென்று வந்திருக்கிறதே என்று பெருமையாக நின்றேன். தலைமைக் கொத்தனார் வந்தார். பலகையைப் பிரித்தார். ரம்பத்தை எடுத்து ஒரு துண்டு அறுத்து என் கையில் கொடுத்து, 'இதில் காற்று எங்கே?' என்றார். அவ்வளவுதான் கேட்டார். மறுபடி முழுக்க இடித்துப் போட்டோம். பலகை ஓரத்திலும் மரத்தைச் சுற்றியும் மட்டும் கையால் அழுத்த வேண்டும், நடுவில் தளர்வாகக் கிடக்க வேண்டும். சக்கைக்குள்ளும் சக்கைக்கு நடுவிலும் இருக்கிற காற்றுதான் வெயிலையும் குளிரையும் தடுக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் விடுகிற சூட்டில் 30 சென்டிமீட்டர் ஹெம்ப் சுவர் விடுவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். குத்திக் கெட்டித்தால் அந்தக் கணக்கு போச்சு.

சிமென்ட் கலந்தால் மலிவாகுமே என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தண்டில் இருக்கிற சர்க்கரை சிமென்டை இறுக விடாது, சக்கையோ அதற்கு வேண்டிய தண்ணீரைக் குடித்துவிடும். கடைசியில் பொடிதான் மிஞ்சும். வெறும் நீற்றுச் சுண்ணாம்பும் போதாது. காற்றுப் பட்டு இறுகுகிற சரக்கு அது, ஓர் அடிக் கனத்துக்கு நடுவில் காற்று எப்போது போய்ச் சேருவது? அங்கே தண்ணீரிலேயே இறுகும் சுண்ணாம்பைக் கூட்டுவார்கள். நம் ஊர்ச் சுர்க்கி, அதாவது சலித்த செங்கல் பொடி, அதே வேலையைத்தான் செய்கிறது.

கே: 28 நாளில் பூசிவிடலாம் என்கிறார் எங்கள் இன்ஜினியர். சரியா? (ஒரு கட்டட ஒப்பந்ததாரர், ஓசூர்)

ப: 28 நாள் சிமென்டின் கணக்கு. இங்கே எண்ண வேண்டியது நாளை இல்லை, ஈரத்தை. ஒரு கன மீட்டர் சுவருக்குள் 250 லிட்டருக்கு மேல் தண்ணீரை நாமே ஊற்றியிருக்கிறோம். அது வெளியே போய்ச் சேர நல்ல வெயில் காலத்தில் ஆறு, எட்டு வாரம் ஆகும். குளிரில் மாதக்கணக்கு.

ஒருமுறை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். செப்டம்பர் கடைசியில் சுவர் போட்ட வீடு. கிறிஸ்துமஸுக்குக் குடிபோக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒப்பந்ததாரரை நெருக்க, அவர் எங்களை நெருக்கினார். ஐந்தாவது வாரம் உள்பூச்சைப் போட்டுவிட்டோம். தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஜனவரியில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெள்ளைப் பூச்சு முழுக்கத் தேத்தண்ணீர் கொட்டின மாதிரி பழுப்புக் கறை, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வேறு. தண்டின் சாறு ஈரத்தோடு வெளியே வந்து பூச்சில் இறங்கியிருக்கிறது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பூச்சு அத்தனையையும் கொத்தி எடுத்து, வேனிற்காலம் வரை சன்னலைத் திறந்துவைத்துக் காயவிட்டு, மறுபடி பூசினோம். என் அந்த மாதக் கூலியில் பாதி அதில் போனது. ஒப்பந்ததாரர் கூலியில் எதுவும் போனதாகத் தெரியவில்லை.

அதிலிருந்து ஈரமானி இல்லாமல் கரண்டியைக் கையில் எடுத்ததில்லை. பூச்சும் சுண்ணாம்பு, வெள்ளையடிப்பும் சுண்ணாம்பு. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சுவர் மூச்சை அடைத்த மாதிரி, ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

கே: சுவரில் தீப்பிடித்தால் தெருவே மயங்கிவிடுமா? (பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

ப: மயங்காது. பற்றி எரியவும் எரியாது. ஒவ்வொரு சக்கையையும் சுண்ணாம்பு மூடியிருப்பதால் மேலே கருகுமே தவிர சுவாலை விடாது.

கே: சுண்ணாம்பு சுடும்போதே கரியமிலவாயு வருகிறதே, அப்புறம் இது எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லது? (கல்லூரி மாணவி, மதுரை)

ப: நல்ல கேள்வி அம்மா. விற்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு வரும், 44 கிலோ கரியமிலவாயுவாகப் போகும். சூளைக்கு எரிக்கிற விறகோ நிலக்கரியோ தனி. சுவரில் இறுகும்போது அந்த 44இல் ஒரு பெரும்பங்கைச் சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கொள்ளும். முழுவதையும் வாங்காது, உடனேயும் வாங்காது. லாபம் எங்கே என்றால், செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியில். தண்டு மக்காமலும் எரியாமலும் சுவருக்குள் கிடக்கும்வரை அந்தக் கரியும் கிடக்கும். வீட்டை 20 வருடத்தில் இடிக்கப் போகிறோம் என்றால் இந்தக் கணக்குப் போட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை. சக்கையை 2,000 கிலோமீட்டர் லாரியில் கொண்டுவந்தால் டீசலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

கே: கோத்தகிரியில் சின்னதாக ஒரு வீடு கட்டப்போகிறோம். ஹெம்பில் கட்ட ஆசை. சக்கை எங்கே கிடைக்கும், என்ன செலவாகும்? (ஓய்வுபெற்ற தம்பதி)

ப: தமிழ்நாட்டில் இந்தச் சுவருக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டென்றால் அது உங்கள் மலைதான். இரவு குளிர், பகலில் மிதம், வருடம் முழுக்க ஈரக்காற்று. உள்ளே உலர்ந்த வெதுவெதுப்பு வேண்டும். பிரான்ஸில் நான் பார்த்த வேலைக்கு மிகக் கிட்டத்தில் வருவது இதுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வெளிச்சுவர் 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் கனத்துக்கு 30 கன மீட்டர். கன மீட்டருக்கு ஐந்து மூட்டை, மொத்தம் 150 மூட்டை. எடை 3 டன்தான், லாரி நிறைந்துவிடும். நீங்கள் வாடகை கொடுப்பது பெரும்பாலும் காற்றுக்கு. அதுவும் உத்தராகண்டிலிருந்து. அங்கே கஞ்சா விதையில் சட்னி அரைக்கிற மலைக்காரர்கள் அவர்கள். நாரை உரித்துக் கயிறு திரித்துவிட்டுத் தண்டை அடுப்பெரிக்க வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்தத் தண்டை வைத்து பௌரி கட்வால் மாவட்டம் யம்கேஷ்வரில் இளம் கட்டடக் கலைத் தம்பதி ஒன்று 2021இல் ஒரு விருந்தினர் விடுதியே கட்டியது. அங்கே அது நியாயம், வாசலில் விளைகிறது. கோத்தகிரிக்கு வந்து சேரும்போது அதே நியாயம் பாதியாகிவிடும்.

செலவுக்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் ஹேவர்ஹில்லில் 2001இல் இரண்டு ஹெம்ப் வீடும் அதே அளவில் செங்கல் வீடும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி ஒப்பிட்டார்கள். ஹெம்ப் வீட்டுக்குத்தான் செலவு கொஞ்சம் கூடியது. இத்தனைக்கும் அங்கே சக்கை தட்டுப்பாடில்லை. மலிவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், மரச்சட்டத்துக்கு என்ன விலை என்று திருப்பிக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், வீடு முழுக்க வேண்டாம். படுக்கையறைக்கு மட்டும் செங்கல் சுவரின் உள்பக்கம் 10 சென்டிமீட்டர் ஹெம்ப்–சுண்ணாம்பு போர்த்துங்கள். ஜனவரியில் ஆரம்பித்து மே மாத மழைக்குள் காயவிடுங்கள். முழுச் சுவர்தான் வேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், தரையிலிருந்து ஓர் அடி கருங்கல் அடிச்சுவர், கூரை இரண்டடி வெளியே நீட்டல், இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஹெம்ப் சுவர் சாரலைத் தாங்கும், தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நிற்காது.

கே: சென்னையில் ஹெம்ப் சுவர் வைத்தால் ஏ.சி. இல்லாமல் இருக்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

ப: நம் ஊரில் வெயில் உச்சியிலிருந்து இறங்குகிறது. அதாவது மொட்டைமாடி வழியாக. முதலில் அதற்கு மேல் வெள்ளைத் தட்டோடு பதியுங்கள், மேற்குச் சுவருக்கு ஒரு நிழல் கொடுங்கள். அதற்குப் பிறகு பேசலாம். ராத்திரியும் புழுங்குகிற ஊரில் கனத்த போர்வை போட்டு என்ன பயன்?

கே: எல்லோராக் குகைகள் 1,500 வருடம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் கஞ்சா என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? ஹெம்ப் சுவரைக் கரையான் தொடாதாமே? (கும்பகோணம் வாசகர்)

ப: வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதி உண்மை இருப்பது அபூர்வம், இதில் இருக்கிறது. தொல்லியல் துறையின் ராஜ்தேவ் சிங்கும் தாவரவியலாளர் சர்தேசாயும் 2016இல் கரன்ட் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். எல்லோராவின் மண் பூச்சில் கஞ்சாச் செடியின் துணுக்குகளைக் கண்டார்கள். அஜந்தாப் பூச்சில் அது இல்லை. அங்கே ஓவியங்களில் கால் பங்காவது பூச்சி அரித்துப் போனது, எல்லோராவில் பூச்சித் தொல்லை இல்லை என்பது அவர்கள் காட்டிய வித்தியாசம். ஆனால் அது பாறைமேல் பூசிய பூச்சு. குகை நிற்பது பாறையால்.

கரையான் விஷயம்: சுண்ணாம்பின் காரத்தில் சக்கையை அது விரும்பாது. ஆனால் உள்ளே மரச்சட்டம் இருக்கிறதே, அதற்கு அஸ்திவாரத்திலேயே நாம் வழக்கமாகச் செய்யும் கரையான் தடுப்பைச் செய்துதான் ஆக வேண்டும்.

கே: பாரிஸ் பக்கத்தில் நூறு வருடத்துக் கல் வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம் அண்ணா. சுவரில் எப்போதும் ஈரம். ஹெம்ப் பூசினால் போகும் என்று ஒருவர் சொல்கிறார். (லா கூர்நெவ்வில் இருந்து ஒரு யாழ்ப்பாண வாசகி)

ப: தங்கச்சி, முதலில் வெளியே போய்ப் பாருங்கோ, சுவரில் சிமென்ட் பூச்சு இருக்கும். உங்கள் வீட்டுக் கதைதான் அந்த நாட்டில் ஹெம்ப் சுவர் பிறந்த கதை. த்ருவா பக்கத்துப் பழைய வீடுகள் மரச்சட்டமும் மண்ணுமாக இருந்தவை. பழுதானபோது மண்ணுக்குப் பதில் சிமென்ட் அடைத்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் முந்நூறு, நானூறு வருடத்து ஓக் மரம் முப்பது வருடத்தில் உளுத்தது. 1980களில் நோஜான் சூர் சேனில் அப்படி ஒரு வீட்டைச் சரிசெய்யும்போதுதான் சக்கையும் சுண்ணாம்பும் கலந்து அடைத்துப் பார்த்தார்கள். அந்த ஊர் இருக்கிற ஓப் மாவட்டத்தில் ஹெம்ப் விவசாயிகளின் கூட்டுறவு 1970களிலிருந்தே இருந்தது, சக்கைக்குப் பஞ்சமில்லை.

ஆகவே வரிசை இது: மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா பாருங்கள், சுவரோரத்து மண் உள்தரையைவிட உயரமா பாருங்கள், சிமென்ட் பூச்சை எடுங்கள், ஒரு கோடை முழுக்கச் சும்மா விடுங்கள். அதற்குப் பிறகும் சில்லிட்டால் உள்பக்கம் ஹெம்ப்–சுண்ணாம்புப் பூச்சு ஐந்து சென்டிமீட்டர் போதும். ஈரச்சுவரின்மேல் நேரே பூசச் சொல்கிறவரை உள்ளே விடாதீர்கள்.

கே: சக்கைதானே முக்கியம்? நம் ஊரில் நெல் உமி குவிந்து கிடக்கிறதே, அதைச் சுண்ணாம்பில் கலந்தால் என்ன? (ஆரணி அரிசி ஆலைக்காரர்)

ப: எனக்கும் தோன்றியது. ஊர் திரும்பிய வருடமே பழைய மாம்பலகையில் ஓர் அடிக்கு ஓர் அடிப் பெட்டி செய்து, உமியும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சுர்க்கியும் அதே புட்டு மாவுப் பதத்தில் போட்டேன். உமி வழவழப்பு, சுண்ணாம்பு அதில் ஒட்டவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மூலை உதிர்ந்தது. அடுத்ததற்குச் சோளத்தட்டையை உள்ளே இருக்கிற நெட்டியோடு நறுக்கிக் கலந்தேன். அது நின்றது. இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, கொல்லையில் கிணற்றடியில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோழி அதன்மேல்தான் உட்காருகிறது. போன வாரம் ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு அங்குலத்துக்கு இன்னும் இறுகவில்லை, ஆனால் கெட்ட வாடை இல்லை. சுர்க்கி போதவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது பெட்டிக்குப் பலகை அறுத்து வைத்திருக்கிறேன். தட்டை அறுவடைக்குக் காத்திருக்கிறேன்.